காரில் நாற்றமா? கார்ப்பெட்டைக் கழுவுவதற்கு முன் காரணத்தைப் பிடியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மழை பெய்தால், திங்கட்கிழமை காலை சேலம் கோரிமேட்டில் என் வாட்டர் சர்வீஸ் வாசலில் குறைந்தது இரண்டு கார்களாவது நிற்கும். நான்கு கண்ணாடிகளும் இறக்கியிருக்கும். டேஷ்போர்டில் ஒரு வாசனைப் புட்டி, பின்பக்கம் இன்னொன்று. சிலர் இருக்கைக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வெட்டி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, கார்ப்பெட்டை நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவிக் கொடுத்துவிடுங்கள்."

நான் உடனே பைப்பை எடுப்பதில்லை. ஏற்கெனவே நீர் குடித்துக் கிடக்கிற கார்ப்பெட்டின் மேல் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவது, சளி பிடித்தவனைக் குளத்தில் முக்கி எடுப்பது போன்றது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். ஐப்பசி மாதத்தில், மாலை நான்கு மணிக்கு, ஒரு காரின் தரை முழுவதும் நுரை பொங்கத் தேய்த்து, துணியால் ஒற்றி, கண்ணாடியை ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தக் கார் மழையில் நனைந்த வெள்ளாடு போல நாறிக்கொண்டு திரும்பி வந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையைப் பிரித்துக் காயவைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. முதலில் மூக்கு, பிறகு கை, கடைசியில்தான் தண்ணீர்.

நாற்றம் எந்த நேரத்தில் வருகிறது, எந்த மாதிரி வாடை, எந்த மூலையில் அதிகம் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

முதல் சோதனை: குதிகாலும் செய்தித்தாளும்

கையால் தடவிப் பார்த்து "காய்ந்துதானே இருக்கிறது" என்பார்கள். தடவுவது மேல்தோலை மட்டும். அது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை. நீரை அதிகம் பிடித்து வைக்காது. சேலத்து வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். அதற்கு அடியில் துணிக்கழிவை அழுத்திச் செய்த ஃபெல்ட்டோ ஃபோமோ இருக்கிறது. கால் வைக்கும் பள்ளத்தில் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம்கூட இருக்கும். அதற்கும் கீழே சத்தத்தைக் குறைக்க ஒட்டிய தார் ஷீட், பிறகு இரும்புத் தகடு. ஃபெல்ட் குடித்த நீருக்குக் கீழே போக வழியில்லை. மேலே வர வேண்டுமானால் கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். போர்வை காய்ந்திருக்கும், மெத்தை வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும்.

ரப்பர் மேட்டை எடுத்துவிட்டு, செய்தித்தாளை நான்காக மடித்து கார்ப்பெட்டின் மேல் போட்டு, குதிகாலால் ஒரு நிமிடம் அழுத்தி நில்லுங்கள். தாள் ஈரமானால் அடியில் நீர் இருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டிக்கியில் ஒன்று என்று ஐந்து இடத்திலும் செய்து பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், கதவடியில் காலை வைத்து ஏறும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். பெரும்பாலான கார்களில் கிளிப்பில்தான் நிற்கும். கார்ப்பெட்டின் ஓரத்தை விலக்கி விரலை ஃபெல்ட்டுக்குள் விடுங்கள். விரலை முகர்ந்து பார்க்கக் கூச்சப்படவேண்டாம். என் கடைப் பையன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

எங்கும் ஈரமில்லை, ஆனாலும் நாறுகிறது என்றால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

ஏ.சி. போட்டவுடன் நாறுகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது

இது கார்ப்பெட் இல்லை. அழுக்குச் சாக்ஸ் போன்ற இந்த வாடை டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலிருந்து வருகிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து சொட்டும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக்கொண்டு பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும்.

ஏற்காடு போகிறவர்களுக்கு இது அதிகமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. சேலத்திலிருந்து முழு வேகத்தில் ஏ.சி. ஓடும். அடிவாரம் தாண்டி இரண்டு வளைவு ஏறியதும் குளிர்காற்று வீசுகிறது என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். நீர் சொட்டச் சொட்ட இருந்த காயில், காற்றில்லாத பெட்டிக்குள் அப்படியே அடைபட்டு, மலைமேல் இரண்டு நாள் ஈரத்திலேயே இருக்கும். செய்யவேண்டியது எளிது: ஏ.சி. பட்டனை மட்டும் அணையுங்கள், புளோயரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். தினமும் வீடு வந்து சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பும் இதையே செய்யலாம்.

ஏற்கெனவே நாற்றம் பிடித்துவிட்டதென்றால் ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டின் குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கறுத்திருந்தால் மாற்றுங்கள், கழுவிப் போடாதீர்கள், தாளில் செய்த ஃபில்டர் ஒருமுறை நனைந்தால் அதுவே நாறத் தொடங்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஏ.சி. மெக்கானிக்கிடம் போய்க் காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

காலையில் கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை, கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்திருக்கிறது

இதுதான் அசல் கார்ப்பெட் வியாதி. உட்பக்கக் கண்ணாடியில் பனி என்றால் காருக்குள் எங்கோ நீர் இருக்கிறது என்று காரே எழுதிக் காட்டுகிறது. நனைந்த ஃபெல்ட்டில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை தொடங்கிவிடும். எனவே காயவைப்பது அவசரம்தான். ஆனாலும் அதைவிட முக்கியம் நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. ஓட்டையை அடைக்காமல் காயவைத்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் என்னிடம் வருவீர்கள். எனக்கு வருமானம்தான், ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு கேள்வி பாதையைப் பிரித்துவிடும்: மழையே பெய்யாத வாரத்திலும் தரை நனைகிறதா?

ஆம் என்றால், அதுவும் முன்பக்க இடது இருக்கைக்குக் கீழே என்றால், ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. சேலத்து வெயிலில் ஏ.சி.யைக் கால்மணி நேரம் ஓடவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். கையகலக் குட்டையாவது தேங்கியிருக்கவேண்டும். தரை உலர்ந்திருந்தால் அந்த நீர் உள்ளே விழுகிறது. குழாயின் வாயில் சேறு, சிலந்திக் கூடு, சில சமயம் குளவிக் கூடு. மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் மெதுவாக விலக்கினால் போதும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பவர்கள் உண்டு. உள்ளே குழாய் இணைப்பு கழன்றுகொள்ளும், பிறகு டேஷ்போர்டைப் பிரிக்கவேண்டிய செலவு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

மழைக்கு மட்டும் நனைகிறது என்றால், எந்த மூலை என்று பாருங்கள்.

முன்பக்கம் நனைந்தால் பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் சல்லடையைப் பாருங்கள். முன்கண்ணாடியில் விழும் மழைநீர் அதன்வழியே ஒரு வாய்க்காலில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள துளைகள் வழியாகத் தரைக்குப் போகவேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலைகள் மக்கி அந்தத் துளையை அடைத்துவிடும். வாய்க்கால் நிரம்பினால் நீர் புளோயர் வாய்க்குள் வழிந்து காலடியில் இறங்கும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காகச் சில்வர் ஓக் வைத்திருப்பார்கள். அதன் இலை சீப்புப் போலப் பிரிந்து கிடக்கும். சல்லடையில் சிக்கிக்கொள்வதற்கென்றே பிறந்த இலை. நாகலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருடைய காரில் இந்த வாய்க்காலிலிருந்து இரண்டு கைப்பிடி மக்கு எடுத்தேன். அதில் ஒரு நாற்று நான்கு இலையோடு முளைத்து நின்றது. அதற்கு முன் வேறு ஒரு கடையில் மூன்று முறை ஷாம்பு போட்டிருக்கிறார். பானெட்டை யாருமே திறக்கவில்லை.

கதவோரம் நனைந்தால் கதவைப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வழியும் மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது இயல்பு. கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியே வெளியேறிவிடும். அவை சேறால் அடைத்திருந்தால், கதவைத் திறந்து மூடும்போது உள்ளே நீர் அலம்பும் சத்தம் கேட்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் கொட்டிவிடும். அதுவும் இல்லையென்றால், புதிதாக ஸ்பீக்கர் போட்டீர்களா என்று கேட்பேன். கதவின் உட்பட்டைக்குப் பின்னால் நீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் பொருத்துகிறவர் அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் பட்டையை மாட்டிவிடுவார். பாட்டு நன்றாகக் கேட்கும், பாதம் நனையும்.

கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் கிழிந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள்துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வரும் இடத்தில் பீடிங் தளர்ந்திருக்கிறது. கூரையில் கண்ணாடி திறக்கும் கார்கள் என்றால், அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களையும் சந்தேகிக்கவேண்டும். மூலையில் அரை டம்ளர் நீர் விட்டால் சக்கரத்தின் பக்கம் சொட்டவேண்டும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து சாதாரணத் தோட்டக் குழாயால் நீர் விடவேண்டும். கீழிருந்து மேலே, ஓரிடத்தில் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்று தெரியாது. பிரஷர் பம்ப் வேண்டாம். நல்ல பீடிங்கையும் தாண்டி நீர் உள்ளே போய்ப் பொய்ச் சாட்சி சொல்லும்.

காயவைத்தல்: முதலில் உறிஞ்சு, பிறகு தூக்கு, பிறகு காற்று

ஓட்டையை அடைத்தாயிற்று. இனி வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடும் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. கண்ணாடியை ஏற்றிச் சித்திரை வெயிலில் நிறுத்தினால், உள்ளே நீர் ஆவியாகும், உண்மைதான். போக வழி இல்லாததால் மாலையில் குளிர்ந்ததும் அதே நீர் கூரைத் துணியிலும் கண்ணாடியிலும் படியும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் சொட்டுவது போல. தரையில் இருந்த நாற்றம் கூரைக்கும் ஏறிவிடும்.

முதல் வேலை, நீரை நீராகவே வெளியே எடுப்பது. ஈரத்தை உறிஞ்சும் வேக்கம் கிளீனர் இருந்தால், வாயை அழுத்தி, ஒரு கோட்டில் மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் காற்றுதான் வரும். அதில்லாதவர்கள் பழைய பருத்தித் துண்டை விரித்து மேலே ஏறி மிதிக்கலாம். துண்டு நனைந்தால் பிழிந்து மறுபடி. நீர் வருவது நிற்கும்வரை மிதியுங்கள். இந்த வேலையில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் பின்னால் ஒரு நாள் காத்திருப்பதை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, கார்ப்பெட்டைத் தகட்டிலிருந்து தூக்கவேண்டும். இருக்கையைக் கழற்றினால் நன்றாக இருக்கும். பல கார்களில் நான்கு போல்ட்தான். ஆனால் இருக்கைக்கு அடியில் போகும் வயர்களில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்கைச் சேர்ந்தது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதைத் தொடவேண்டும். இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது. மின்சாரக் காரிலோ ஹைபிரிடிலோ ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள். இருக்கையைக் கழற்றத் தைரியமில்லையா, கதவோரப் பட்டையை மட்டும் எடுத்து, கார்ப்பெட்டை விளிம்பிலிருந்து ஒரு சாண் தூக்கி, காலி தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுங்கள். என் கடையில் இதற்கென்றே பத்துப் பதினைந்து பாட்டில்கள் தொங்கும். தரைத் தகட்டில் வட்டமான ரப்பர் மூடிகள் தெரிந்தால், அவற்றை எடுத்துத் தேங்கிய நீரை வடியவிடலாம். பிறகு மறக்காமல் மாட்டுங்கள். மறந்தவர் ஒருவர் அடுத்த மழையில் சாலையிலிருந்த குட்டை முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூன்றாவது காற்று. மேசை மின்விசிறியைக் கதவில் வைத்து, தூக்கிய கார்ப்பெட்டுக்கு அடியில் நேராக வீசும்படி திருப்புங்கள், எதிர்க்கதவைத் திறந்துவையுங்கள். வெப்பத்தைவிட ஓடும் காற்றுதான் ஃபெல்ட்டைக் காயவைக்கிறது. பகலில் வெயில், இரவில் மழைக்கு மறைவான இடத்தில் மின்விசிறி. சித்திரை, வைகாசியில் இரண்டு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு ஐந்து நாள் ஆகும்.

இப்போது மலைக்காரர்களுக்கு ஒன்று. ஏற்காட்டில் மூடுபனி இறங்கியிருக்கும் நாளில் எத்தனை மின்விசிறி வைத்தாலும் கார்ப்பெட் காயாது. சுற்றியிருக்கும் காற்றே நீரைக் குடித்து வயிறு நிறைந்து நிற்கிறது; மேலும் குடிக்க அதற்கு இடமில்லை. கண்ணாடியைத் திறந்துவைத்தால் இன்னும் ஈரம் உள்ளே வரும். இதற்கு மருந்து, காரை மலையிலிருந்து இறக்குவதுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் அதற்கு 1,200 மீட்டர் கீழே. அந்த இறக்கத்தில் காற்று எட்டுப் பத்து டிகிரி செல்சியஸாவது சூடாகிறது. 10, 11 டிகிரி சூடானால் காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதாவது மேலே நிறைந்து நின்ற அதே காற்று, கீழே வந்ததும் பாதி வயிற்றோடு பசித்து நிற்கும். 30 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து உறவினர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நிறுத்துவது, மலைமேல் இரண்டு வாரம் போராடுவதைவிட மலிவு.

வரும் வழியிலேயே காயவைக்கத் தொடங்கலாம். ஏ.சி.யைப் போட்டு, வெப்பத் திருகியைச் சூடான பக்கம் திருப்பி, காற்றைக் காலடிக்கு விடுங்கள். ஏ.சி. ஈரத்தைப் பிடுங்கும், சூடு கார்ப்பெட்டிலிருந்து ஈரத்தைக் கிளப்பும். கொஞ்சம் வியர்க்கும், இருபது கொண்டை ஊசி வளைவுதானே, பொறுத்துக்கொள்ளலாம். இதை மூடிய ஷெட்டுக்குள் நிறுத்திவைத்துச் செய்யவே கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

உப்பைக் கொட்டி வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று சொல்வார்கள். இழுக்கும், பிறகு தகட்டில் துருவையும் வரவழைக்கும். வேண்டாம்.

பூஞ்சை கண்ணுக்கே தெரிகிறது என்றால், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காரை வெட்டவெளியில் நிறுத்தி, முதலில் வேக்கம் போடுங்கள். வெள்ளை வினிகரில் அதே அளவு நீர் கலந்து துணியால் துடையுங்கள்; தனியாக ஓர் ஓரத்தில் நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசல் நிறத்தைத் தின்னும், தகட்டையும் அரிக்கும். வினிகரும் அதுவும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வாரக்கணக்கில் நனைந்து கறுத்துப்போன ஃபெல்ட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெட்டி எறிந்துவிட்டு, சீட் கவர் தைக்கும் கடையில் புதிது வாங்கிப் போடுங்கள்.

வெயில் ஏற ஏறப் புளிப்பு வாடை

காலையில் ஒன்றும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் குமட்டும். உடைந்த பால் பாக்கெட், கவிழ்ந்த இட்லி மாவு, தயிர்சாதப் பொட்டலம், ஏற்காடு வளைவுகளில் குழந்தை எடுத்த வாந்தி. எங்கள் பக்கத்தில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். மே மாதம் கோடை விழா நேரத்தில் நாளுக்கு ஒன்றாவது வரும்.

இதற்கு வெந்நீர் கூடாது. பாலிலும் வாந்தியிலும் உள்ள புரதம் சூட்டில் இறுகி, இழையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் கெட்டியானதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள், தேய்த்தால் உள்ளே இறங்கும். குளிர்ந்த நீரைக் கொஞ்சம் விட்டு உறிஞ்சுங்கள், இரண்டு மூன்று முறை. அதன்பிறகு என்சைம் கலந்த கிளீனர் வாங்கித் தெளியுங்கள். செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடையில் நாய், பூனை சிறுநீர் வாடைக்கென்று விற்பதே போதும். பலரும் தெளித்த ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுகிறார்கள். என்சைம் என்பது மெதுவாகத் தின்று தீர்க்கும் சரக்கு. புட்டியில் எழுதிய நேரம்வரை ஈரமாகவே இருக்கவேண்டும். அதற்கு முன்போ பின்போ ஃபினாயிலையோ பிளீச்சையோ ஊற்றினால் என்சைம் வீணாகிவிடும். பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போகவேண்டும். பிறகு உறிஞ்சி, மேலே சொன்னபடி காயவையுங்கள். காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, வேக்கம் போட்டால் மிச்சமிருக்கும் வாடையும் குறையும். ஈரத்தில் தூவினால் அது பசையாகி இழையில் இறுகிக்கொள்ளும்.

துடைக்காமல் விட்டுப்போகும் இடங்கள்: இருக்கை நகரும் தண்டவாளம், பெல்ட்டின் பூட்டு, பெல்ட் நாடாவின் அடிப்பகுதி. மூக்கை அங்கே கொண்டுபோங்கள்.

வினிகர் போன்ற புளிப்பும் கொசு மாதிரிச் சிறு ஈக்களும் சேர்ந்து வந்தால் அது பழம். வரகம்பாடியில் மல்கோவா வாங்கிப் போனவர்கள் டிக்கியில் ஒன்றை மறந்திருப்பார்கள். சர்க்கரைச் சாறு வெந்நீருக்கு இளகும். பாலுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இளஞ்சூட்டு நீரால் ஒற்றி எடுக்கலாம்.

கழுவிய பிறகுதான் நாற்றமே வந்தது

ஷாம்பு அதிகம், அலசியது குறைவு. கார்ப்பெட் காய்ந்த பிறகு தொட்டால் பிசுபிசுக்கும், அல்லது இழை மொடமொடவென்று நிற்கும். மிச்ச சோப்பு ஈரத்தையும் அழுக்கையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு நான்கைந்து ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்த நீரைத் தெளித்து உறிஞ்சுங்கள், பிறகு வெறும் நீரைத் தெளித்து உறிஞ்சுங்கள். நுரை வருவது நிற்கவேண்டும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். இனிமேல் கழுவும்போது நீரை நுரையாக மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் தேயுங்கள். ஃபெல்ட் நனையாமல் மேல்தோலை மட்டும் கழுவுவதுதான் இந்த வேலையின் நுணுக்கம்.

டிக்கிப் பக்கமிருந்து குட்டைத் தண்ணீர் வாடை

ஸ்டெப்னியைத் தூக்குங்கள். கீழே தவளை இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். பின்விளக்கின் ரப்பர், டிக்கிக் கதவின் பீடிங் இரண்டில் ஒன்று போயிருக்கும். விளக்கின் மேல் நீர் விட்டால் உள்ளே வழியும் தடம் தெரிந்துவிடும். மேட்டூரில் மீன் வாங்கி ஐஸோடு கொண்டுவந்தவர்களுக்கு வேறு கதை. மீனும் புரதம்தான், பாலுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

துணியும் ஷாம்பும் எடுக்கவே கூடாத வாடைகள்

இனிப்பு வாடை, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பனி, முன்பக்கக் காலடியில் பிசுபிசுப்பான ஈரம் மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் காயிலிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிகிறது. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும். அது விஷம். குழந்தைகளையும் நாயையும் அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

பெட்ரோல் வாடை என்றால் எல்லாக் கதவையும் திறந்துவையுங்கள். வேக்கம் கிளீனர், மின்விசிறி எதையும் போடாதீர்கள்; ஒரு பொறி போதும்.

பிண வாடை, அதுவும் புளோயர் போட்டால் அதிகம் என்றால் எலி. ஏ.சி. ஃபில்டர் இருக்கும் பெட்டியிலோ பானெட்டுக்கு அடியிலோ கிடக்கும். கையுறை போட்டு எடுங்கள். அங்கே கிடக்கும் புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து நனைத்துத் துடையுங்கள். வயர்களைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெருவில் தேங்கிய மழைநீர் காருக்குள் ஏறியிருந்தால் அது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும் சேர்ந்தது. காரை ஸ்டார்ட் செய்யாமல், படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றது. ஃபெல்ட்டைக் காயவைக்க முயலாதீர்கள். மாற்றுவது ஒன்றுதான் வழி.

காய்ந்துவிட்டதா என்று அறிய

மாலையில் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, வாசனைப் புட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, காரைப் பூட்டுங்கள். காலையில் காபி குடிப்பதற்கு முன், வெயில் படுவதற்கு முன், ஒரு கதவை மட்டும் திறந்து தலையை உள்ளே நீட்டி ஒரே ஒரு மூச்சு இழுங்கள். முதல் மூச்சுதான் உண்மை சொல்லும். மூன்றாவது மூச்சுக்குள் மூக்கு பழகிவிடும். கண்ணாடியில் பனி இருக்கக் கூடாது. செய்தித்தாள் சோதனையில் தாள் மொறமொறவென்று இருக்கவேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து இப்படி வந்தால்தான் கதவோரப் பட்டையைத் திரும்ப மாட்டுவேன்.

நாகலூர்ப் பெரியவர் காரை அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் ஐந்து நாள் நிறுத்தினார். ஆறாம் நாள் காலை அவரையே கதவைத் திறக்கச் சொன்னேன். தலையை நீட்டி முகர்ந்தார், யோசித்தார், மறுபடி முகர்ந்தார். "மிளகு வாடை வருகிறதே தம்பி" என்றார். போன மாதம் பின்னிருக்கையில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தாராம். அதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பினார்.